பேரு வெட்டின சாமான்

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க தம்பி. இதைக் காலுக்கு நடுவுல வச்சுக்கிடுதேன். மேல வைக்கலாம்னா கண்டக்டர் கூடாதுங்காரு. எட்டு கிலோ இருக்கும், யார் தலையிலயாவது விழுந்தா நமக்கு எதுக்கு வம்பு. ஆமா, கருகின வாடைதான். உங்களுக்கும் வந்துட்டா? பழைய வேட்டியில சுத்தி, அதுக்கு மேல சாக்குல கட்டி, உள்ள ரெண்டு ஊதுபத்தி வேற சொருகி வச்சிருக்கேன். அப்படியும் போக மாட்டேங்கு, சவம்.

பயப்படாதீங்க, வெடிக்காது. பழைய கம்ப்யூட்டர் பெட்டி, அவ்வளவுதான். மதுரைக்கா போறிய? நல்லதாப் போச்சு. நானும் மதுரைக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். உங்க பேரு? சொர்ணகுமாரா, சரி. இனிஷியல்? 'ப'வா. சும்மா கேட்டு வச்சுக்கிட்டேன். இனிஷியல் கேக்காம ஒருத்தர்கிட்ட பேசினா எனக்குப் பேசின மாதிரியே இருக்காது.

நான் அ. ஆவுடையப்பன். தாலுகா ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். இப்ப பாளையங்கோட்டைப் பக்கம் செண்பகா நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளர், பதினோரு வருசமா. கேள்விப்பட்டிருப்பியளே. இல்லையா? பேப்பர்ல வந்ததே தம்பி! 'மின்னணுக் கழிவு இல்லாத முன்மாதிரிக் குடியிருப்பு'ன்னு கேடயம் வாங்கினது நாங்கதான். நாங்கன்னா என்ன, நான்தான். தலைவர் தவமணி சார் ஒப்புக்கு இருக்காரு.

இப்ப அந்தக் கேடயமும் பதவியும் ஒரு வீட்டு வேலைக்காரி கையில மாட்டிக்கிட்டு நிக்கி. திங்கக்கிழமைக்குள்ள இந்தப் பெட்டி என்னைய விட்டுப் போகணும். இல்லைன்னா கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துருவா. முப்புடாதின்னு பேரு. ஒம்பது வருசம் எங்க வீட்ல பாத்திரம் தேச்சவ. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு.

நம்ம பக்கம் முன்னாடி எல்லாம் போகிக்கு இப்படி எரிக்கது உண்டா? இப்ப டிவியைப் பாத்துட்டு எல்லாரும் டயரைக் கொளுத்துதாங்க. ஒரே புகை. எனக்குப் புகைன்னா ஆகாது தம்பி. அதனால இந்தத் தை பிறக்கதுக்கு முன்னால தீர்மானம் போட்டேன். போகிக்கு எவனும் எதையும் கொளுத்தக் கூடாது, அதுக்குப் பதிலா வீட்ல கெட்டுப்போய்க் கிடக்க மின்சாரச் சாமானை எல்லாம் கொண்டாந்து சங்கத்துல ஒப்படைக்கணும். சுற்றுச்சூழல் விழிப்புணர்வு முகாம். பந்தல், மைக்செட், கேசரி, காப்பி எல்லாம் உண்டு.

நோட்டீஸ் அடிச்சோம், மைக்ல சொன்னோம், ஒருத்தன் அசையலியே! முப்பத்தெட்டு வீடு, மொதல் ஒரு மணி நேரத்துல வந்தது என்னன்னு நினைக்கிய? ஒரு அயர்ன்பாக்ஸும் ரெண்டு ரிமோட்டும். அவனவன் ஓடாத மிக்சியைப் பரண்ல வச்சுக்கிட்டு, என்னைக்காவது ஆகும்னு உக்காந்திருக்கான். எனக்குக் கோவம் கோவமா வந்துட்டு. அப்பதான் மூளை வேலை செஞ்சுது. சந்தைப்பக்கம் ஒரு பாத்திரக் கடை வாசல்ல கொம்பையான்னு ஒருத்தன் பேரு வெட்டுவான். கல்யாணத்துக்கு எவர்சில்வர் தாம்பாளம் குடுத்தா பேரு வெட்டித்தானே குடுக்கோம்? அவனை மிஷினோட ஆட்டோவில ஏத்திக் கொண்டாந்து பந்தல்ல உக்கார வச்சேன். சாமான் குடுக்கவங்க பேரு, கதவு எண், கீழ 'அன்பளிப்பு'ன்னு வெட்டிக் குடுக்கப்படும்னு மைக்ல சொன்னேன், பாத்துக்கிடுங்க.

அப்புறம்லா பாக்கணும் கூட்டத்தை! ஒம்பதாம் நம்பர் ஒரு மிக்சி குடுத்தா பத்தாம் நம்பர் மிக்சியும் கிரைண்டரும் குடுக்கா. பத்தாம் நம்பருக்கு ரெண்டு இடத்துல பேரு வந்துட்டேன்னு பன்னெண்டாம் நம்பர் மாவு மிஷினையே தூக்கிட்டு வாராரு. தவமணி சார் ஓடிக்கிட்டிருந்த டிவியைப் பிடுங்கிக் கொண்டாந்துட்டாரு, தலைவர் பேரு பெருசா வரணும்லா. அவரு வீட்டு அம்மா பின்னாலயே ஓடி வாரா, சீரியல் பாதியில நிக்குதுன்னு. எங்க வீட்ல பேரு வெட்டுத மாதிரி கெட்டுப்போன சாமான் எதுவும் இல்ல. செயலாளர் வெறுங்கையோட நிக்க முடியுமா? மகன் இன்ஜினியரிங் சேரும்போது வாங்கின கம்ப்யூட்டர் இருந்துது. ஓடும். கொஞ்சம் மெதுவா ஓடும், அவ்வளவுதான். தூக்கிட்டு வந்துட்டேன். கொம்பையாகிட்ட தனியாச் சொன்னேன், 'எனக்கு ஆழமா வெட்டுப்பா, காலத்துக்கும் நிக்கணும்'ன்னு. நல்லாத்தான் வெட்டினான், பாவி.

முந்நூத்தி அறுபது சாமான் சேந்துது. அடுத்த வாரமே பாதிப்பேரு தவணைக்கடையில போய்ப் புதுசு எடுத்துட்டாங்க. நல்ல காரியம் செஞ்சா மனசுக்கு ஒரு உற்சாகம் வரத்தானே செய்யும்?

இதை எல்லாம் முறைப்படி பிரிச்செடுக்கதுக்கு மதுரையில ஒரு கம்பெனி இருக்குன்னாங்க. அவன் நிரப்பி அனுப்பச் சொல்லி ஒரு பாரம் அனுப்பினான், பதினாறு கட்டம். சாமான் வாரியா எடை, வகை, கையெழுத்து. முப்பத்திரெண்டு வருசம் ஊரான் பாரத்தை எல்லாம் குறை எழுதித் திருப்பி அனுப்பினவன் நான், என்கிட்டயே பாரமா? அன்னைக்குப் பாத்து ஒரு ஆளு வேன் கொண்டாந்தான். பரமேஷ்னு பேரு, கழுத்துல அட்டை தொங்குது, நல்ல மரியாதை. பாரமும் கிடையாது ஒண்ணும் கிடையாது. வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வேற குடுத்தான். சங்கத்துக்குச் சான்றிதழ் குடுத்தான், லேமினேஷன் போட்டு. இதுக்கு மேல என்ன வேணும்? எங்க கொண்டு போறேன்னு கேட்டியளான்னு எல்லாரும் இப்பக் கேக்காங்க. மரியாதையா வந்த மனுசன்கிட்ட அதை எப்படித் தம்பி கேக்கது?

மாசியில ஆரம்பிச்சுது புகை. எங்க நகருக்குப் பின்னால கன்னிமார்குளம்னு ஒண்ணு, வத்திப்போய்க் கிடக்கும். அதுக்கு அந்தக் கரையில முப்புடாதி இருக்க தெரு. அங்ஙன இருந்து விடியக்காலம் கறுப்பா ஒரு புகை, தொண்டையைப் பிடிக்கும். நான் விடுவனா? மாநகராட்சிக்கு மூணு புகார் எழுதினேன். 'மேற்படி பகுதி மக்களுக்குப் போதிய விழிப்புணர்வு இல்லாமையால்'ன்னு தொடங்கி ஒண்ணரைப் பக்கம். நகல் இன்னும் ஃபைல்ல இருக்கு.

முப்புடாதிகிட்டயும் கேட்டேன். 'ஏட்டி, உங்க தெருவுல எதைப் போட்டுக் கொளுத்துதாங்க?'

'நாங்க கொளுத்தலை சார். ஒருத்தன் வேன்ல கொண்டாந்து குளத்துக்குள்ள தட்டுதான். கூட வாரவனுவ செம்புக் கம்பிக்காக வயரைக் கொளுத்திட்டு மிச்சத்தைப் போட்டுட்டுப் போயிருதானுவ. கேட்டா அடிக்க வாரானுவ. புள்ளைக்கு மூச்சு வாங்குது சார்.'

அவளுக்கு ஒரே மக, வர்ஷினின்னு, ரெண்டாம் கிளாஸ் படிக்கு. ஆசுபத்திரியில, மூச்சு இழுக்கும்போது வாய்ல வைக்கதுக்கு மருந்துப்புகை மிஷின் ஒண்ணு வீட்டோட வாங்கி வைக்கச் சொல்லியிருக்காங்க. எனக்கு மனசு கேக்கலை. எங்க அம்மாவுக்கு வாங்கின மிஷின் பீரோ மேல கிடந்துது, அதைத் தூக்கிக் குடுத்தேன். ஓடாது. மோட்டார் போயிட்டு. 'ரிப்பேர் பாத்து வச்சுக்கோ'ன்னேன். அதை நான் முகாமுக்கே குடுத்திருக்கலாம், பிளாஸ்டிக்கு, பேரு வெட்ட வராதுன்னு விட்டது. இந்தக் காலத்துல யாரு தம்பி இப்படிக் குடுக்கா? அந்த நன்றி கூட இல்ல அவளுக்கு.

பங்குனியில கேடயம் குடுக்க விழா. நகர் நலப் பேரவைன்னு ஒரு அமைப்பு, அவங்க தலைவர் வந்திருக்காரு. நான் ஏற்புரை பேசிக்கிட்டிருக்கேன். 'செண்பகா நகரில் இனி ஒரு துண்டு மின்னணுக் கழிவு கூடக் கிடையாது'ன்னு சொல்லி வாயை மூடலை, கேட்டுக்குள்ள வாரா முப்புடாதி. தலையில சும்மாடு, சும்மாட்டு மேல இந்தப் பெட்டி. நேரா மேடைக்கு வந்து என் காலடியில இறக்கி வச்சா.

'சார், உங்க சாமான்'னா.

பெட்டி கரிக்கட்டையா இருக்கு. பெயிண்ட் எல்லாம் எரிஞ்சு போச்சு. ஆனா வெட்டின பேரு போகுமா? பெயிண்ட் போகப்போக எழுத்து இன்னும் பளிச்சுனு நிக்கி. 'அ. ஆவுடையப்பன், செயலாளர், 14, செண்பகா நகர், அன்பளிப்பு.' விருந்தாளி குனிஞ்சு வாசிச்சுப் பாத்துட்டு, 'அருமையா வெட்டியிருக்காங்களே'ங்காரு! நான் சட்டுனு, 'விழிப்புணர்வுக்காக ஒரு மாதிரி வச்சிருக்கோம்'னு சொல்லிச் சமாளிச்சேன். எல்லாரும் கைதட்டினாங்க. அவ தட்டலை. என்னையவே பாத்துக்கிட்டு நின்னா.

மறுநாள் நானும் தவமணி சாரும் அவ வீட்டுக்குப் போனோம். நான் அந்தத் தெருவுக்குப் போனது அதுதான் மொதத் தடவை. வீட்டுக்குப் பின்னால பத்தடியில குளம். குளத்துக்குள்ள பாத்தா, தம்பி, என்னத்தைச் சொல்ல, எங்க நகர் அப்படியே படுத்துக் கிடக்கு. ஒம்பதாம் நம்பர் மிக்சி, பத்தாம் நம்பர் கிரைண்டர், தவமணி சார் டிவி. எல்லாம் பேரோட. மத்த ஊர்ச் சாமானும் கிடந்துது, ஆனா அதுல பேரு இல்லியே! அதைக் குடுத்தவன் எல்லாம் வீட்ல நிம்மதியா இருக்கான்.

வீட்டுக்குள்ள அந்தப் புள்ள கட்டில்ல குறுகி உக்காந்திருந்துது. வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுக்கு. விசில் மாதிரி ஒரு சத்தம். எங்க அம்மா மிஷின் அலமாரியில துடைச்சு வச்சிருந்துது. என்னைய அதுக்கு நல்லாத் தெரியும், எங்க வீட்டு ஹால்ல உக்காந்து பாடம் எழுதுத புள்ளதான். 'வாங்க தாத்தா'ன்னு சொல்ல வந்து பாதியில நிறுத்திட்டு. மூச்சு எட்டலை. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு, தம்பி. தவமணி சார் கடிகாரத்தைப் பாத்தாரு.

முப்புடாதி ஒரு நோட்டை எடுத்து நீட்டினா. எட்டாவது வரைக்கும் படிச்சவ, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். முப்பத்தெட்டு பேரு, கதவு எண்ணோட. 'மாநகராட்சிக்குச் சொல்லிப் பாத்தோம் சார். யாரு கொட்டினாங்கன்னு தெரியலையேங்காங்க. இப்பத்தான் தெரியுதே. சித்திரை ரெண்டாவது திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன். அவங்கவங்க சாமானை அவங்கவங்க எடுத்துட்டுப் போய் முறைப்படி ஒப்படைச்சிருங்க. யாரையும் காட்டிக்குடுக்க மாட்டேன். இல்லைன்னா இந்த நோட்டோட கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்பேன்'னா. கத்தலை, அழலை, சாதாரணமாச் சொன்னா. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு.

அப்புறம் இன்னொண்ணு கேட்டா. 'இன்னொருத்தி வீட்டுப் பின்னால கொண்டு போய்ப் போட மாட்டேன்னு என் புள்ளைக்கு முன்னால சத்தியம் பண்ணுங்க சார்.' பண்ணினேன். அந்தப் புள்ளை தலையிலயே கையை வச்சுப் பண்ணினேன்.

அவசரக் கூட்டம் போட்டோம். யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், போய் எடுத்துட்டு வருவோம்னு சொல்லணுமே! ஒம்பதாம் நம்பர் சொல்லுதாரு, அது என் பேரு இல்ல, அதே பேருல வேற ஆளுன்னு. பத்தாம் நம்பர், புது மிக்சி வந்துட்டு, பழசை வைக்க இடம் இல்லைங்கா. தவமணி சார் கொம்பையா மேல கேஸ் போடணும்காரு. கடைசியில நான்தான் தீர்மானம் எழுதினேன். 'மேற்படி பொருட்கள் முறைப்படி ஒப்படைக்கப்பட்டுவிட்டபடியால் அவை சங்கத்தினுடையவை அல்ல.' ஏகமனதா நிறைவேறிட்டு. ஆனா நான் சத்தியம் பண்ணினவன்லா? என் பெட்டியை மட்டுமாவது ஒப்படைச்சிருவோம்னு மதுரைக் கம்பெனிக்குப் போன் போட்டேன். 'ஒத்தைச் சாமான் எடுக்க மாட்டோம் சார். நூறு கிலோவுக்கு மேல இருந்தாச் சொல்லுங்க, நாங்களே லாரி அனுப்புதோம், காசு கிடையாது'ங்கான். நூறு கிலோவுக்கு நான் எங்க தம்பி போவேன்? குளத்துல ஒரு டன்னுக்கு மேல கிடக்கு, வாஸ்தவந்தான். ஆனா அது எங்களோடது இல்லைன்னு தீர்மானம் போட்டாச்சே.

என் வீட்டுக்காரி உலகம்மா சொல்லுதா, 'போனை எடுத்து லாரியை வரச் சொல்லுங்க, நானும் முப்புடாதியும் நின்னு ஏத்திவிடுதோம், யாரு பேரு இருந்தா உங்களுக்கு என்ன?'ன்னு. பொம்பளைக்கு நடைமுறை தெரியுமா? தீர்மானத்தை ரத்து பண்ணணும்னா பொதுக்குழு கூட்டணும், இருபத்தியொரு நாள் நோட்டீஸ் குடுக்கணும். திங்கக்கிழமைக்குள்ள நடக்குத காரியமா?

சரின்னு வெளியில எங்கயாவது போட்டிரலாம்னு பாத்தேன். எங்க நகர்க் குப்பைத்தொட்டியில 'மின்னணுப் பொருட்கள் போடக் கூடாது, மீறினால் அபராதம்'னு போர்டு இருக்கு. நான் வச்சது. காலி மனையில போடலாம்னா மூலைக்கு மூலை கேமரா. அதுவும் நான் வச்சது. ஆத்துக்குப் போனேன். படித்துறையில வேட்டி சுத்தின பொட்டலத்தோட நிக்கேன், ஒருத்தர் ஓடி வந்து, 'அஸ்தி கரைக்கணுமா அண்ணாச்சி, ஆளு இருக்கா?'ங்காரு. திரும்பி வந்துட்டேன். அரத்தை வாங்கி ரெண்டு நாளா உக்காந்து பேரை ராவினேன். கையெல்லாம் கொப்புளம், பாருங்க. எல்லாம் போயிட்டு, 'ஆவு' மட்டும் போகலை. ஆழமா வெட்டச் சொன்னது நான்தானே.

இதுக்கு நடுவுல அவ வேலைக்கு வாரதும் இல்ல. உலகம்மா சொல்லிட்டா, 'உங்களாலதானே வரலை, நீங்களே தேய்ங்க'ன்னு. இருபது நாளா நான்தான் பாத்திரம் தேய்க்கேன். ஹெட் கிளார்க்! இட்லிக் கொப்பரை அடிப்பிடிச்சா எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி? இதை எல்லாம் ஒருத்தி யோசிச்சுப் பாக்காண்டாமா?

அந்தப் புள்ளையா? நேத்து ஆசுபத்திரியில சேத்திருக்காங்களாம். உலகம்மா போயிருக்கா, புது மிஷின் வாங்கிக்கிட்டு. கம்மலை அடகு வச்சு வாங்கினாளோ என்னமோ, காதுல காணோம். நான் கேக்கலை. அந்த விசில் சத்தம் என் காதுக்குள்ள இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. பஸ் சத்தத்துல கொஞ்சம் தேவலை.

ஏதோ, பேசினதுல நேரம் போனது தெரியலை. கோவில்பட்டி வரப் போகுது. தம்பி, ஒரு சின்ன உதவி. இந்தப் பெட்டியை ஒரு நிமிசம் மடியில வாங்கிக்கிடுங்க. சாக்கைக் கழட்டிருதேன். அப்படித்தான், ரெண்டு கையாலயும். நான் குடுக்க மாதிரி ஒரு பக்கம் பிடிச்சுக்கிடுதேன். முன்னால இருக்க எக்கா, இந்த செல்லைப் பிடிச்சு ஒரு போட்டோ எடுங்க. தம்பி, கொஞ்சம் சிரிங்க. முப்புடாதிகிட்ட காட்டணும்லா, கம்பெனிக்காரர் சிரிச்சு வாங்கினாத்தான் நல்லா இருக்கும். ஆச்சு. ரொம்ப நன்றிக்கா.

இருங்க, வாங்கிக்கிடுதேன், பொறுங்க. மார்க்கர் பேனா எங்க வச்சேன்... இந்தா இருக்கு. ப. சொர்ணகுமார். சின்ன 'ர'வா? பெரிய 'ற' யாரு போடுவா, சரிதான். சும்மா எழுதி வைக்கேன். பேரு இல்லாம ஒரு சாமான் இருந்தா எனக்குப் பிடிக்காது. 'ஆவு'க்கு மேலயே விழுந்துட்டு, மறைஞ்சு போச்சு பாருங்க. நானே எதிர்பாக்கலை.

கோவில்பட்டி வந்துட்டு. கடலை மிட்டாய் வாங்காமப் போனா உலகம்மா என்னைய வீட்டுக்குள்ள சேக்க மாட்டா. ஒரே நிமிசம். பத்திரமாப் பாத்துக்கிடுங்க. கொஞ்சம் வழி விடுங்க, இறங்கிக்கிடுதேன்.

என்ன தம்பி, ஜன்னல் வழியாக் கூப்பிடுதிய? கேக்கலை. இந்தா, எதுத்தாப்ல நிக்குத திருநெல்வேலி பஸ்ல இடம் கிடக்கான்னு பாத்தேன், அவ்வளவுதான். ஏ, ஏ, ஜன்னல் வழியாத் தள்ளாதீங்க, கால்ல விழுந்திரும்! கண்டக்டர், ரைட் குடுங்க, நேரம் ஆகுதுலா! மதுரையில நல்ல இடமாப் பாத்து ஒப்படைச்சிருங்க தம்பி. ஒத்தைச் சாமான்னா எடுக்க மாட்டான்தான், ஆனா நீங்க படிச்ச புள்ள, உங்களுக்கு ஒரு வழி தெரியாமலா போகும்! ஒண்ணே ஒண்ணு, யாரு வீட்டுப் பின்னாலயும் போட்டிராதீங்க. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்!